காலி கார்ட்ரிட்ஜ் யாருக்குச் சொந்தம்? லெக்ஸ்மார்க் வழக்குகள் குறித்த நிகழ்வு ஆய்வு

‘லெக்ஸ்மார்க் இன்டர்நேஷனல் எதிர் ஸ்டாட்டிக் கன்ட்ரோல் காம்போனென்ட்ஸ்’ என்பது ஒரு வழக்கின் பெயர். இந்தப் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கணினியில் சேமித்தால் அது பிடித்துக்கொள்ளும் இடம், அந்த வழக்குக்கே காரணமாக இருந்த மென்பொருள் பிடித்துக்கொண்ட இடத்தைவிட அதிகம். இந்த ஒப்பீடு என்னுடையது அல்ல. அமெரிக்காவின் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எழுதிவைத்தது.

அந்த மென்பொருளின் வேலை, கார்ட்ரிட்ஜில் டோனர் தூள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தோராயமாகக் கணக்கிடுவது. லெக்ஸ்மார்க் பிரிண்டர்களில் ஒரு வரிசைக்கு அது 37 பைட். இன்னொரு வரிசைக்கு 55 பைட். இத்தனை சிறிய நிரலை முன்னிறுத்தித்தான், தன் கார்ட்ரிட்ஜைப் பிறர் நிரப்பி விற்க உதவும் சிப்புகளுக்குத் தடை வேண்டும் என்று லெக்ஸ்மார்க் நீதிமன்றம் போனது. 2003 பிப்ரவரியில் தடை கிடைத்தது. அது நீங்க இருபது மாதங்கள் ஆயின.

பிரிண்டர் மையின் விலை பற்றிய பேச்சு பெரும்பாலும் பெருமூச்சோடு முடிந்துவிடுகிறது. புதுப் பிரிண்டரும் அதற்கான ஒரு செட் கார்ட்ரிட்ஜும் ஏறத்தாழ ஒரே விலைக்கு விற்கும்போது வேறென்ன செய்ய முடியும் என்று விட்டுவிடுகிறோம். அந்த விலை தானாக வந்ததல்ல. அதற்குச் சட்டத்தில் வேர் இருக்கிறது. வேரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: தூள் தீர்ந்த பிறகு கையில் மிஞ்சும் பிளாஸ்டிக் கூடு யாருக்குச் சொந்தம்? வாங்கியவருக்குச் சொந்தம் என்றால், அதை எவரிடமும் கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம், போட்டி வரும், விலை இறங்கும். விற்றவருக்கே அதில் இன்னும் உரிமை மிச்சம் இருக்கிறது என்றால், நாம் போக வேண்டிய கடை ஒன்றுதான். லெக்ஸ்மார்க் இந்தக் கேள்வியை அமெரிக்க நீதிமன்றங்களில் பதினைந்து ஆண்டுகள் நடத்தியது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பின்தொடர்வது பயன் தரும்.

சுண்டைக்காயும் சுமைகூலியும்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பிரிண்டர் தொழில் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. இயந்திரத்தைக் குறைந்த லாபத்துக்கு, சில சமயம் நஷ்டத்துக்கே விற்பார்கள். பிறகு அந்த இயந்திரம் உயிரோடு இருக்கும் வரை மை, டோனர் வழியாகப் போட்ட பணத்தை மீட்பார்கள். சவரக் கைப்பிடியை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிக்கும் பழைய முறை இது.

மை அரிய பொருளா? இன்க்ஜெட் மையில் பெரும்பங்கு நீர். அதோடு கிளைகால் போன்ற கரைப்பான்கள், சாயம் அல்லது நிறமி. டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் தூளும் நிறமியும். நுண்துளை அடைபடாமல் பாய வேண்டும், தாளில் பரவாமல் உடனே உலர வேண்டும் என்பதால் மை தயாரிப்பில் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், பிரிண்டரை வாங்கி வீட்டில் வைத்த நிமிடமே, அதற்கு மை விற்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான் என்ற நிலை பிறந்துவிடுகிறது. விலையைத் தூக்கிப் பிடிப்பது அந்த ஒற்றைக் கடைதான்.

இதற்கு எதிர்வினையாகத்தான் நிரப்பித் தருபவர்கள் வந்தார்கள். லேசர் பிரிண்டரின் டோனர் கார்ட்ரிட்ஜ் வெறும் டப்பா அல்ல. தூள் அறை, உருளைகள், பற்சக்கரங்கள், பல வகைகளில் ஒளியுணர் டிரம், மிச்சத் தூளை வழித்தெடுக்கும் பிளேடு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. தூள் தீரும்போது இவற்றில் பெரும்பாலானவை இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கும். கூட்டைத் திறந்து, பழைய தூளைச் சுத்தம் செய்து, தேய்ந்த பிளேடையும் டிரம்மையும் மாற்றி, புதுத் தூள் நிரப்பி மூடினால் அது மறுபடி ஓடும். இது நேர்மையான பட்டறை வேலை. குப்பையில் விழ வேண்டியதை உபயோகத்துக்குக் கொண்டுவரும் வேலையும்கூட.

பேச்சில் கலந்துபோகும் மூன்று சரக்குகளை இங்கேயே பிரித்துவிட வேண்டும். அசல் நிறுவனத்தின் காலிக் கூட்டைப் புதுப்பித்து நிரப்பியது ஒன்று. வேறொரு நிறுவனம் அச்சு வார்த்துப் புதிதாகவே செய்து, தன் பெயரில் விற்கும் ‘கம்பாட்டிபிள்’ இன்னொன்று. அசல் நிறுவனத்தின் பெயரையும் பெட்டியையும் திருடிய போலி மூன்றாவது. போலி எங்கும் குற்றம். இரண்டாவது வகை, கண்டுபிடிப்புக்கு வழங்கப்படும் காப்புரிமையைத் தொட்டால் சிக்கலில் மாட்டும். எப்சன் தொடுத்த புகாரில் அமெரிக்கச் சர்வதேச வர்த்தக ஆணையம் 2007-ல் அப்படிப்பட்ட இன்க் கார்ட்ரிட்ஜ்களின் இறக்குமதிக்குப் பொதுத் தடை விதித்தது. லெக்ஸ்மார்க் வழக்குகள் முதல் வகையைச் சுற்றியவை. அதாவது, காசு கொடுத்து வாங்கப்பட்ட அசல் கூடுகள்.

இருபது சதவீதத் தள்ளுபடியின் விலை

லெக்ஸ்மார்க், ஐபிஎம் நிறுவனத்திலிருந்து 1991-ல் பிரிந்து, கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த நிறுவனம். 1997-ல் அது ‘ப்ரீபேட்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது; பின்னால் அதற்கு ‘ரிட்டர்ன் புரோகிராம்’ என்று பெயர் வைத்தது. வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள். முழு விலை கொடுத்தால் நிபந்தனை ஏதும் இல்லை. ஏறத்தாழ 20 சதவீதத் தள்ளுபடியில் வாங்கினால், ஒரே முறைதான் பயன்படுத்த வேண்டும். காலிக் கூட்டை லெக்ஸ்மார்க்கைத் தவிர வேறு எவருக்கும் கொடுக்கக் கூடாது. இந்த ஒப்பந்தம் பெட்டியின் மேல் அச்சாகியிருந்தது. பெட்டியைத் திறப்பதே சம்மதம்.

எல்லாரும் மலிவானதையே எடுப்பார்கள் என்பது தெரிந்ததுதான். அப்படியானால் சந்தையில் சுற்றும் காலிக் கூடுகளில் பெரும்பகுதி நிபந்தனை ஒட்டப்பட்டவை ஆகிவிடும். நிரப்புபவர்களுக்குக் கச்சாப்பொருளே இல்லாமல் போகும். திட்டத்தின் சாமர்த்தியம் இங்கேதான்.

பெட்டியில் எழுதியதை எல்லாரும் கடைப்பிடிப்பார்கள் என்று லெக்ஸ்மார்க் நம்பிவிடவில்லை. தள்ளுபடிக் கார்ட்ரிட்ஜ்களில் ஒரு சிப்பைப் பதித்தது. பிரிண்டரை இயக்கும்போதும், கதவைத் திறந்து மூடும்போதும், பிரிண்டரும் சிப்பும் தனித்தனியே ஒரு கணக்கைப் போட்டு விடையை ஒப்பிடும். விடை பொருந்தினால்தான் பிரிண்டர் வேலை செய்யும். தூள் தீர்ந்த கார்ட்ரிட்ஜை நிரப்பிப் போட்டால் சிப் ஒத்துழைக்காது. இயந்திரம் நல்லது, கூடு நல்லது, தூள் நல்லது. ஆனாலும் ஒரு தாள் வெளியே வராது. இதை முதல்முறை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பழுதே இல்லாத ஒரு பொருளைப் பழுதானது போல நடிக்க வைக்கும் பொறியியல் இது.

முதல் வழக்கு: பதிப்புரிமையைப் பூட்டாக்கியது

வட கரோலினா மாநிலத்தின் சான்ஃபோர்டில் இருந்த ஸ்டாட்டிக் கன்ட்ரோல், கார்ட்ரிட்ஜ்களைப் புதுப்பிப்பவர்களுக்கு உதிரிப் பாகங்கள் விற்கும் நிறுவனம். லெக்ஸ்மார்க் சிப் பிரிண்டரோடு செய்யும் சரிபார்ப்பை அப்படியே செய்துகாட்டும் ‘ஸ்மார்டெக்’ என்ற சிப்பை அது தயாரித்தது. அசல் சிப்பை எடுத்துவிட்டு இதை வைத்தால் நிரப்பிய கார்ட்ரிட்ஜ் ஓடியது.

2002 டிசம்பர் 30 அன்று லெக்ஸ்மார்க் வழக்குத் தொடுத்தது. அது கையில் எடுத்த ஆயுதம்தான் இந்த வழக்கை உலகம் முழுவதும் பேசவைத்தது. 1998-ல் அமெரிக்கா இயற்றிய டிஜிட்டல் மில்லினியம் பதிப்புரிமைச் சட்டம், படங்களும் பாடல்களும் இணையத்தில் களவாடப்படுவதைத் தடுக்க வந்தது. பதிப்புரிமை உள்ள படைப்புக்குப் போடப்பட்ட டிஜிட்டல் பூட்டை உடைக்கும் கருவியை விற்பது குற்றம் என்கிறது அந்தச் சட்டம். லெக்ஸ்மார்க்கின் வாதம் இப்படி ஓடியது: எங்கள் பிரிண்டருக்குள் ஒரு மென்பொருள் இருக்கிறது, சிப்புக்குள் ஒரு மென்பொருள் இருக்கிறது, இரண்டும் பதிப்புரிமை உள்ள படைப்புகள். சிப் சரிபார்ப்பு என்பது அவற்றுக்குப் போட்ட பூட்டு. ஸ்மார்டெக் கள்ளச்சாவி.

கீழ் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. டோனர் கார்ட்ரிட்ஜ் ஒன்று திரைப்படக் குறுந்தகடுக்குச் சமமான பாதுகாப்பைப் பெற்றது. இது நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பொருளிலும் ஒரு சிப்பை வைத்து, அதற்குள் நாலு வரி நிரலை எழுதி, ‘இது என் படைப்பு, வேறு பாகம் பொருத்தாதே’ என்று சொல்லிவிடலாம். கார், குளிர்சாதனப்பெட்டி, கேரேஜ் கதவு எதுவாகவும் இருக்கலாம். மிகைப்படுத்தவில்லை, கேரேஜ் கதவின் தொலைஇயக்கிக்காக இதே சட்டத்தை வைத்துச் சேம்பர்லைன் என்ற நிறுவனம் ஸ்கைலிங்க் மீது வழக்கே போட்டு, 2004 ஆகஸ்டில் தோற்றது.

2004 அக்டோபர் 26 அன்று ஆறாவது வட்டார நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நீதிபதி ஜெஃப்ரி சட்டன் எழுதிய தீர்ப்பின் இரண்டு காரணங்கள் முக்கியமானவை. சிப்புக்குள் இருக்கும் அந்தச் சின்ன நிரலைப் பிரிண்டர் படித்து, ஒரு கூட்டுத்தொகையைச் சரிபார்க்கிறது. ஒரு பைட் மாறினாலும் இயங்காது. அப்படியானால் பொருந்தும் சிப் செய்ய விரும்பும் எவரும் அதே பைட்களை அப்படியே வைத்தாக வேண்டும். வேறு வழியே இல்லாத ஒன்று படைப்பாளியின் வெளிப்பாடு என்பதைவிடப் பூட்டின் பல் என்பதே பொருந்தும். பதிப்புரிமை அதற்குக் கிடைப்பது கடினம். அடுத்த காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருளை, பிரிண்டரை வாங்கிய எவரும் அதன் நினைவகத்திலிருந்து நேராகப் படித்துவிடலாம். மறையாக்கம் எதுவும் இல்லை. வாசற்கதவுக்குப் பூட்டே இல்லாத வீட்டில், கொல்லைக்கதவில் பூட்டைத் தொங்கவிட்டு ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று சொல்ல முடியுமா என்று கேட்டது நீதிமன்றம்.

முடிவை ஏற்றுத் தனியே இசைவுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி மெரிட் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். இந்த ஒரு சிப்புக்கு மட்டும் விடை சொல்லி நிறுத்தக் கூடாது. பதிப்புரிமைச் சட்டத்தைக் கருவியாக்கி, உற்பத்திப் பொருள்களில் ஏகபோகம் உண்டாக்கிக்கொள்ள எந்த நிறுவனத்துக்கும் இடம் தரக் கூடாது என்பது அவர் நிலை. வழக்கின் மையத்தைத் தொட்டவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

இதே சண்டையின் கிளை ஒன்று 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ‘ப்ரீபேட் கூடுகளை நிரப்பி விற்பது சட்டவிரோதம், ஸ்டாட்டிக் கன்ட்ரோலின் பொருள்களைப் பயன்படுத்துவதும் சட்டவிரோதம்’ என்று லெக்ஸ்மார்க் நிரப்புபவர்களுக்குக் கடிதம் அனுப்பியதாகவும், அது பொய் விளம்பரம் என்றும் ஸ்டாட்டிக் கன்ட்ரோல் எதிர்வழக்காடியது. அந்த வழக்கை நடத்த அதற்கு உரிமை உண்டு என்று நீதிபதி ஸ்காலியா எழுத, நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இடையில் லெக்ஸ்மார்க் வென்ற இடமும் உண்டு. அதை மறைப்பது நியாயம் ஆகாது. அரிசோனா கார்ட்ரிட்ஜ் புதுப்பிப்பாளர் சங்கம், ப்ரீபேட் விளம்பரம் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறது என்று தொடுத்த வழக்கில், பெட்டியின் மேல் எழுதிய நிபந்தனை செல்லத்தக்க ஒப்பந்தம்தான் என்று ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் 2005-ல் சொன்னது. பெட்டியைக் கிழிப்பதே கையெழுத்து என்ற நிலைக்கு வந்த அங்கீகாரம் அது.

இரண்டாம் வழக்கு: காப்புரிமை எங்கே முடிகிறது?

பதிப்புரிமை கைவிட்ட பிறகு லெக்ஸ்மார்க் காப்புரிமையை முன்னிறுத்தியது. 2010-ல் புதுப்பிப்பாளர்கள் பலர் மீது அது தொடுத்த வழக்கில், மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொள்ள, கடைசியில் நின்றது மேற்கு வர்ஜீனியாவின் சார்லஸ்டனில் உள்ள இம்ப்ரெஷன் ப்ராடக்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம் மட்டுமே. அதன் கையில் இருந்த வாதமும் ஒன்றே: விற்றாயிற்று, உரிமை தீர்ந்தாயிற்று.

காப்புரிமைச் சட்டத்தில் நூறாண்டுக்கும் மேலாக வேரூன்றிய கொள்கை இது. கண்டுபிடிப்பாளர் தன் பொருளை ஒருமுறை விற்றுவிட்டால் அந்தக் குறிப்பிட்ட பொருளின் மேல் அவருடைய காப்புரிமை தீர்ந்துவிடுகிறது. அவருக்கான வெகுமதி முதல் விற்பனையிலேயே வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் 1992 முதல், காப்புரிமை வழக்குகளுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதில் ஒரு சந்து திறந்து வைத்திருந்தது: விற்கும்போதே தெளிவாக நிபந்தனை விதித்தால் காப்புரிமை தீராது என்று. அந்தச் சந்தில்தான் லெக்ஸ்மார்க்கின் ரிட்டர்ன் புரோகிராம் நின்றது. 2016 பிப்ரவரியில் அந்த நீதிமன்றத்தின் முழு அமர்வு 10-க்கு 2 என்ற கணக்கில் லெக்ஸ்மார்க் பக்கம் சாய்ந்தது. வெளிநாட்டில் விற்ற கார்ட்ரிட்ஜ்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவருவதும் காப்புரிமை மீறல் என்றது.

நிபந்தனையைத் தாங்குவது ஒப்பந்தமா, காப்புரிமையா என்ற வேறுபாடு சட்டப் புத்தகத்துக்குள் அடங்கிவிடும் நுணுக்கம் அல்ல. ஒப்பந்தம் மட்டும் என்றால், அதை மீறிய வாடிக்கையாளரிடம்தான் லெக்ஸ்மார்க் கேட்க முடியும். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் மீது வழக்குப் போட எந்த வணிகரும் துணிய மாட்டார். காப்புரிமை என்றால், ஒப்பந்தத்தில் கையே வைக்காத மூன்றாம் மனிதரையும் பிடிக்கலாம்: காலிக் கூட்டை வாங்கியவர், நிரப்பியவர், விற்றவர் என்று எவரையும். லெக்ஸ்மார்க்குக்கு வேண்டியிருந்தது இந்த நீண்ட கைதான்.

2017 மே 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கையைத் தட்டிவிட்டது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு, விற்பனையோடு காப்புரிமை முற்றாகத் தீர்கிறது, விற்பவர் என்ன நிபந்தனை எழுதினாலும் சரி, விற்பனை எந்த நாட்டில் நடந்தாலும் சரி என்றது. உள்நாட்டு விற்பனையைப் பொறுத்தவரை எதிர்ப்பே இல்லை. வெளிநாட்டு விற்பனை பற்றி மட்டும் நீதிபதி கின்ஸ்பர்க் மாறுபட்டார். நீதிபதி கோர்சச் இந்த வழக்கில் பங்கேற்கவில்லை.

பழைய கார்களைச் சீர்செய்து விற்கும் பட்டறையை ராபர்ட்ஸ் எடுத்துக்காட்டினார். காரைக் கொண்டுவருபவர் அதன் உரிமையாளர் என்றால் போதும், அதைச் சீர்செய்து விற்கலாம் என்ற நம்பிக்கையில்தான் பட்டறை ஓடுகிறது. காரில் உள்ள ஆயிரக்கணக்கான பாகங்களைச் செய்த ஒவ்வொரு நிறுவனமும் விற்ற பிறகும் காப்புரிமையைக் கையில் வைத்திருந்தால் வணிகமே திக்கித் திணறும் என்றார். 1628-லேயே ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக், விற்ற பொருளின் மேல் ‘மறுபடி விற்காதே’ என்ற கட்டுப்பாடு செல்லாது என்று எழுதியதையும் நினைவூட்டினார். டோனர் கார்ட்ரிட்ஜுக்காக 389 ஆண்டுகள் பின்னால் போனது எனக்கு வியப்பாக இல்லை. பொருளை வாங்கினால் பொருள் நம்முடையது என்பது அத்தனை பழைய உடன்பாடு.

தீர்ப்பு தொடாமல் விட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தம் தெளிவாகவும் செல்லத்தக்கதாகவும் இருக்கலாம் என்றே நீதிமன்றம் சொன்னது. போனது காப்புரிமையின் பிடி மட்டுமே. பெட்டியின் மேல் எழுதும் பழக்கத்துக்கு எவரும் தடை போடவில்லை.

ஜப்பான் வேறு விதமாகப் பார்த்தது

எல்லா நாடுகளும் ஒரே திசையில் போகவில்லை. கேனன் நிறுவனத்தின் காலி இன்க் கார்ட்ரிட்ஜ்களை நிரப்பி ஜப்பானில் விற்ற ரீசைக்கிள் அசிஸ்ட் என்ற நிறுவனத்துக்கு எதிராக 2007 நவம்பர் 8 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டுக்குள் மை கசியாமல் தடுக்க, பஞ்சு போன்ற இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும். அந்த அழுத்தமும், மை எந்த மட்டம் வரை நிரப்பப்படுகிறது என்பதுமே கேனனின் கண்டுபிடிப்பு. மை தீர்ந்து காய்ந்ததும் அந்தச் செயல்பாடு போய்விடுகிறது. கூட்டில் துளையிட்டு, கழுவி, மறுபடி மை நிரப்பும்போது நிரப்புபவர் அந்தக் கண்டுபிடிப்பைப் புதிதாகச் செய்தவர் ஆகிறார். இது பழுதுபார்ப்பு அல்ல, மறு உற்பத்தி என்பது அந்த நீதிமன்றத்தின் கணிப்பு.

வாதத்தின் நேர்த்தியை மதிக்கிறேன். முடிவை ஏற்க மனம் வரவில்லை. குடத்தில் தண்ணீர் தீர்ந்ததும் மறுபடி மொள்வது குடம் வனைவது ஆகாது. ஆனாலும் பழுதுபார்ப்பு எங்கே முடிகிறது, உற்பத்தி எங்கே தொடங்குகிறது என்பது எளிய கோடு அல்ல என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. டிரம், பிளேடு, சிப், தூள் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு மிஞ்சுவது எவ்வளவு அசல் என்று எவரேனும் கேட்டால், நிரப்புபவர் பதில் வைத்திருக்கத்தான் வேண்டும்.

பூட்டு இடம் மாறுகிறது

நீதிமன்றங்களில் தோற்றது சட்டப் பூட்டு. சிப் என்ற இயந்திரப் பூட்டு அப்படியே இருந்தது. வேறு சிப் செய்து அதைத் திறப்பது குற்றம் அல்ல என்பது மட்டுமே ஆறாவது வட்டாரத் தீர்ப்பால் கிடைத்த பலன். பிரிண்டர்கள் இணையத்தில் இணைந்த பிறகு இயந்திரப் பூட்டுக்கு ஒரு புதிய வலிமை வந்தது. விற்ற பிறகும் பூட்டை மாற்றலாம்.

2016 செப்டம்பர் 13 அன்று, எச்பி பிரிண்டர்கள் பலவற்றில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்கள் திடீரென்று ஏற்கப்படாமல் போயின. முன்னரே அனுப்பிய ஃபர்ம்வேரில், அதாவது பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளில், இருந்த கட்டுப்பாடு அன்று விழித்துக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாத இறுதியிலேயே எச்பி மன்னிப்புக் கேட்டு, கட்டுப்பாட்டை நீக்கும் ஃபர்ம்வேரை விரும்பியவர்களுக்குத் தர முன்வந்தது. ‘டைனமிக் செக்யூரிட்டி’ என்ற அந்த ஏற்பாடு அதோடு மறையவில்லை. இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் இதே விவகாரத்தில் எச்பிக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. கட்டுப்பாட்டை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு.

2024 ஜனவரியில் எச்பியின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி என்ரிக்கே லோரெஸ் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், பிரிண்டர் வாங்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் நிறுவனத்தின் முதலீடு என்றும், அவர் போதுமான அளவு அச்சிடாவிட்டாலோ நிறுவனத்தின் மையைப் பயன்படுத்தாவிட்டாலோ அது மோசமான முதலீடு என்றும் விளக்கினார். ஒளிவுமறைவில்லாத பேச்சு. தொழில் எப்படி நினைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வழக்காவணமும் சொல்லவில்லை. மாதச் சந்தா முறையில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது: அங்கே வரும் கார்ட்ரிட்ஜ் வாடிக்கையாளருக்கு விற்கப்படுவதே இல்லை. சந்தாவை நிறுத்தினால், உள்ளே மை இருந்தும் அச்சு நின்றுவிடும். ‘விற்றால் உரிமை தீரும்’ என்ற ராபர்ட்ஸின் விதி, விற்காமலே இருக்கும் வழியைக் கற்றுக்கொடுத்துவிட்டது என்று தோன்றுகிறது.

விற்பவர் தரப்பு நியாயத்தையும் எடைபோட்டுத்தான் பேசுகிறேன். மோசமாக நிரப்பிய கார்ட்ரிட்ஜ் தூளைக் கொட்டும், தாளில் கோடு விழும், சில சமயம் இயந்திரத்தையே கெடுக்கும். அந்தக் கெட்ட பெயர் பிரிண்டர் மேல்தான் விழும். தள்ளுபடி வாங்கியவர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும் என்ற எதிர்பார்ப்பிலும் தவறில்லை. ஆனால் இதற்கெல்லாம் எச்சரிக்கையும் உத்தரவாத நிபந்தனையும் ஒப்பந்த வழக்கும் இருக்கின்றன. மற்றவர் வீட்டில் ஓடும் இயந்திரத்தை நள்ளிரவில் கைநீட்டி நிறுத்தும் அதிகாரம் அந்த நியாயங்களிலிருந்து பிறக்காது.

கணக்குப் போடும் இடம்

வாங்குபவர் பார்க்க வேண்டியது பக்கத்துக்கு ஆகும் செலவை: கார்ட்ரிட்ஜின் விலையை அது தரும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. பக்க எண்ணிக்கைக்குச் சர்வதேசத் தர அளவுகள் உண்டு. கருப்பு டோனருக்கு ஐஎஸ்ஓ 19752. வண்ண இன்க்ஜெட்டுக்கு ஐஎஸ்ஓ 24711. கருப்பு டோனர் சோதனையின் பக்கம், தாளில் சுமார் 5 சதவீதப் பரப்பை மட்டுமே மறைக்கும் எழுத்துப் பக்கம். புகைப்படம் அச்சிட்டால் எண்ணிக்கை சரியும். சோதனை தொடர்ச்சியாக நடப்பது; வாரத்துக்கு ஒருமுறை இரண்டு தாள் அச்சிடுபவரின் இன்க்ஜெட், துளைகளைச் சுத்தம் செய்வதற்கே கணிசமான மையைச் செலவழித்துவிடும். புதுப் பிரிண்டரோடு வரும் முதல் கார்ட்ரிட்ஜ் பலவற்றில் முழுதாக நிரப்பப்பட்டிருக்காது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வாங்குவதாக முடிவு செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது பிரிண்டரின் ஃபர்ம்வேர் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் அமைப்பு நிறுத்தக்கூடியதா என்பதை. சில மாடல்களில் அது முடியவே முடியாது. வாங்கும் முன் பெட்டியின் சிறிய எழுத்துகளைப் படித்துப் பார்ப்பது நல்லது. மை நேராக ஊற்றும் தொட்டிப் பிரிண்டர்கள் இந்தச் சிப் சண்டையைப் பெருமளவு தாண்டிவிடுகின்றன. எப்சன் அவற்றை 2010-ல் இந்தோனேசியாவில் அறிமுகப்படுத்தியது. இயந்திரத்தின் விலை கூடுதல், மை மலிவு. நிறைய அச்சிடுபவருக்கு இது நல்ல கணக்கு. எப்போதாவது அச்சிடுபவருக்குக் கருப்பு லேசரே போதும், ஏனெனில் தூள் காய்ந்துபோவதில்லை.

வழக்காடியவர்கள் இப்போது

ஸ்டாட்டிக் கன்ட்ரோலை 2015-ல் சீனாவின் ஜுஹாய் நகரைச் சேர்ந்த ஏபெக்ஸ் வாங்கியது. பிற நிறுவனப் பிரிண்டர்களுக்குப் பொருந்தும் சிப்புகளையும் கார்ட்ரிட்ஜ்களையும் செய்து வளர்ந்த நிறுவனம் அது. அடுத்த ஆண்டே அதே ஏபெக்ஸ் தலைமையிலான முதலீட்டுக் குழு லெக்ஸ்மார்க்கையும் வாங்கியது. மதிப்பு 360 கோடி டாலர். 2017 தீர்ப்பு வந்த நாளில், முதல் வழக்கின் வாதியும் பிரதிவாதியும் ஒரே உரிமையாளரின் கையில் இருந்தார்கள். 2025 ஜூலையில் லெக்ஸ்மார்க் ஜெராக்ஸ் வசம் போனது. தள்ளுபடி விலையில் விற்கும் ரிட்டர்ன் புரோகிராம் கார்ட்ரிட்ஜ்கள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன.